மாலை ஐந்தரைக்கு மேல்: வேலையை விட நினைத்த ஒரு வங்கி அலுவலர்

2023 ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் போன் செய்தார். "சார், ரிசைன் லெட்டர் டைப் பண்ணி வச்சிருக்கேன். அனுப்புறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு." குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அழுகிறவரைத் தேற்றலாம், கோபப்படுகிறவரிடம் பேசிப் பார்க்கலாம். இது ஓய்ந்துபோன குரல்.

நான் அரசு வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசி பத்துப் பன்னிரண்டு வருடம் அலுவலர் சங்கத்தில் பொறுப்பில் இருந்ததால், வேலையில் மனம் ஒடிந்துபோகிறவர்கள் என்னைத் தேடி வருவது வழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. இந்த நிகழ்வை முழுதாக எழுதிவைக்க அவரே சம்மதம் கொடுத்தார். பெயர், வங்கி, ஊர் மூன்றையும் விட்டுவிட்டேன். சில சின்ன அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு அப்போது 33 வயது. எம்.காம் முடித்து, ஐபிபிஎஸ் என்ற வங்கித் தேர்வு எழுதி 2013இல் பிஓவாக (பயிற்சி அலுவலராக) வங்கியில் சேர்ந்தவர். முதல் போஸ்டிங் மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாலுகா ஊர். இந்தி தெரியாமல் போய் இறங்கி, நான்கு வருடம் தாக்குப்பிடித்து, பேசவும் கற்றுக்கொண்டு திரும்பினார். 2018இல் ஸ்கேல் 2, அதாவது அடுத்த நிலை அலுவலர். இப்போது காவிரி டெல்டாவில் ஒரு சின்ன டவுன் கிளையில் மேலாளருக்கு அடுத்த இடம். வீட்டிலிருந்து 46 கிலோமீட்டர், இரண்டு பஸ். கணவர் திருச்சியில் தனியார் கம்பெனியில். ஐந்து வயதுப் பெண் குழந்தை, பார்த்துக்கொள்வது மாமியார்.

"எனக்கு இந்த வேலையே செட் ஆகல சார். நான் டீச்சர் ஆகியிருக்கணும்" என்றார்.

நான் சொன்ன முதல் பதில் தவறானது. "இன்னும் ஒரு வருஷத்துல டிரான்ஸ்பர் வந்துடும்மா. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதே வார்த்தையை ஏழு வருடத்துக்கு முன் ஒரு பையனிடம் சொல்லியிருந்தேன். 2016 நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 30 வரை கிளைகளில் என்ன நடந்தது என்று கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பையனுக்கு 26 வயது. கேஷில் உட்கார்ந்தான். ராத்திரி பதினொன்று வரை எண்ணுவான். குறைந்த பணத்தைச் சொந்தக் கையிலிருந்து கட்டினான், இரண்டு முறை. என்னிடம் வந்தபோது பல்லைக் கடிச்சுக்கோ என்றேன். ஜனவரியில் ராஜினாமா கொடுத்தான். மே மாதம் வந்து, திரும்பச் சேர வழி இருக்கிறதா என்று கேட்டான். வழி இல்லை. அவனுக்குப் பிடிக்காமல் போனது வங்கி வேலை அல்ல, அந்த ஐம்பது நாள். அதைப் பிரித்துக் காட்ட அன்று யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

திங்கட்கிழமை காலையில் நானே போன் செய்தேன்.

முதலில் ரத்தப் பரிசோதனை

வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை. கிளையின் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முடி கொட்டுகிறது. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி ஆனாலே வயிற்றைப் பிசைகிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "முதல்ல ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், காரணத்தைக் கண்டுபிடிக்க மேற்கொண்டு பரிசோதனைகளும் எழுதினார். ஆறு வாரத்தில் மூச்சு வாங்குவது நின்றது. ஞாயிறு சாயங்கால வயிற்றுப் பிசைவு மட்டும் நிற்கவில்லை. சோர்வில் எவ்வளவு உடம்பிலிருந்து வந்தது, எவ்வளவு வேலையிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் தனித்தனியாகத் தெரிந்தது. இந்தப் பிரிப்பு நடக்காமல் யாரும் ராஜினாமா முடிவு எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இன்று சந்தேகமே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலைச் சலிப்பின் முற்றிய நிலையை (பர்ன்அவுட்) தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் தெளிவாக வரையறுத்தது. அதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்று சொன்னது. மூன்று அடையாளம் கொடுத்தது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், நம்மால் ஒன்றும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். இவரிடம் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவது இல்லை. "நகைக்கடன், கேசிசி பயிர்க்கடன், எந்த ஃபைலும் கொடுங்க சார், கண்ணை மூடிக்கிட்டு முடிப்பேன்" என்பார். இந்த ஒரு விஷயத்தை மனதில் குறித்துக்கொண்டேன். வேலை தெரியவில்லை என்று தவிப்பவருக்கும், தெரிந்த வேலையைச் செய்ய விடவில்லை என்று தவிப்பவருக்கும் வழி வேறு வேறு.

தூக்கம் சரியாகாவிட்டால் மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொன்னேன். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. ஒருமுறை பேசினார். அந்த அரை மணி நேரம் உதவியாக இருந்தது என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

லெட்டரைப் பற்றி ஒரே ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். கிழிக்க வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். தொண்ணூறு நாள் அப்படியே இருக்கட்டும். அலுவலர் ராஜினாமா கொடுத்தால் எப்படியும் மூன்று மாத நோட்டீஸ் உண்டு. அந்த மூன்று மாதத்தை லெட்டர் கொடுப்பதற்கு முன்னால் வைத்துக்கொள்வோம் என்றேன். சரி என்றார்.

நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். மூன்று வாரம். ஒவ்வொரு வேலை முடிந்ததும் நேரம் போட்டு ஒரு வரி. பக்கத்தில் ஒரு குறி: மனசு நிறைந்திருந்தால் கூட்டல், வெறுத்திருந்தால் கழித்தல், இரண்டும் இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். காரணம் எழுத வேண்டாம், நியாயப்படுத்தவும் வேண்டாம். கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில்கூட எழுதலாம்.

ஆவணி கடைசியில் அந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். 17 வேலை நாள். நான்கு இடத்தைப் பார்த்து எழுதுகிறேன்:

"10.40 – மகளிர் குழு, 12 பேர். லிங்கேஜ் லோன் ஏன் குறைச்சு சாங்ஷன் ஆச்சுன்னு பாஸ்புக்கை வச்சு விளக்கினேன். மணி பார்க்கவே இல்லை. +"

"12.15 – நகைக்கடன். கியூ வாசல் வரைக்கும். +"

"3.20 – பயிர்க்கடன் ரின்யூவல். பாலிசி ஒண்ணு போட்டாத்தான்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அவர் ஒண்ணும் பேசலை. கையெழுத்துப் போட்டார். – –"

"5.45 – விசி. இன்ஷூரன்ஸ் ஜீரோ ஏன். 1 மணி 50 நிமிஷம். –"

விசி என்றால் வீடியோ மீட்டிங். பாலிசி என்பது கிளைகளை வங்கி விற்கச் சொல்லும் இன்ஷூரன்ஸ். இரண்டாவது வரிதான் எனக்குப் புரியவில்லை. நகைக்கடன் கூட்டம் என்றால் எல்லா அலுவலரும் தலையில் கைவைப்பார்கள். இவர் எப்படிக் கூட்டல் போட்டார்? கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் இந்த நிகழ்வின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அந்த வருடம் மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறந்தது. ஆனால் அணைக்கு வரும் தண்ணீர் குறைவு. கைக்காசைக் குறுவையில் போட்டுவிட்டுச் சம்பாவுக்கு நாற்றங்கால் போட வேண்டியவர்கள் நகையோடு வங்கிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி, அறுபத்தைந்து வயது இருக்கும், மஞ்சள் துணியில் முடிந்து ஒரு சங்கிலியும் ஒரு ஜோடித் தோடும் கொண்டுவந்தார். அப்ரைசர் சங்கிலியை உரைகல்லில் இழுத்து, அமிலத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். தோட்டின் கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்தார். எடை கழித்ததும் பாட்டிக்கு முகம் மாறிவிட்டது. ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். கியூ நின்றது. இவர் எழுந்து வந்து, பாட்டி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு தாளில் மொத்த எடை, கழிவு, நிகர எடை என்று மூன்று கோடு போட்டுக் காட்டினார். நிகர எடைக்கு மதிப்பு என்ன, அப்போதைய விதிப்படி அதில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் ஏன் கொடுக்க முடியாது, எந்தத் தேதிக்குள் கட்டினால் வட்டி எவ்வளவு மிச்சம். பாட்டி அந்தத் தாளை வாங்கி மடித்து, நகை முடிந்திருந்த அதே மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார். "இம்புட்டு வருசமா வைக்கிறேன் தாயி, இன்னிக்குத்தான் கணக்கு தெரிஞ்சுச்சு" என்றாராம்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்த குரல் அது இல்லை.

நோட்டைக் கூட்டிப் பார்த்தோம். எழுதியிருந்தது சுமார் 165 மணி நேரம். கழித்தல் குறி விழுந்தது 41 மணி. அதில் பெரும்பகுதி மாலை ஐந்தரைக்கு மேல், வீடியோ மீட்டிங்கிலும், ஒரு பாலிசிகூட விற்காத 'ஜீரோ' கிளைகள் பட்டியல் வரும் வாட்ஸ்அப் குரூப்பிலும் போனது. மிச்சம், கடன் கேட்டு வந்து எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பாலிசி பேசிய நேரம். இரட்டைக் கழித்தல் போட்ட இடம் ஏழு. ஏழும் அதேதான். கூட்டல் 60 மணிக்கு மேல். கூட்டல் போட்ட எல்லா இடத்திலும் எதிரே ஒரு ஆள் இருந்தார், அவருக்கு ஏதோ ஒன்று புரிந்தது.

பத்து மணி நேர வேலை நாளில் இரண்டரை மணி நேரம். ஆனால் அந்த இரண்டரை மணி ஒரு நாளின் கடைசியில் வந்து, வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் கூட ஏறி, ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பியும் விட்டது.

பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் சகாக்களும் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் 203 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலையில் மனிதரை நிறையவைப்பதும் வெறுக்கவைப்பதும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள் அல்ல, இரண்டும் வேறு வேறு சாமான்கள் என்றார்கள். செய்யும் வேலை, அதில் சாதித்தது, அதற்குக் கிடைத்த மரியாதை இவை நிறையவைப்பவை. நிர்வாக விதிகள், மேலதிகாரி நடத்தும் விதம் போன்றவை வெறுக்கவைப்பவை. இந்த ஆய்வை விமர்சிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த நாற்பது பக்க நோட்டில் இரண்டும் தனித்தனியாகக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

தன் நேர்மை கூசும்படி ஒரு வேலையைச் செய்யச் சொல்லும்போது வரும் வலியை நாம் பொதுவாக 'வேலை பிடிக்கலை' என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லும்போது தப்பு நம் மீது வந்துவிடுகிறது, நமக்குத்தான் இந்த வேலை ஒத்துவரவில்லை என்று. அந்தப் பயிர்க்கடன்காரர் பேசாமல் கையெழுத்துப் போட்டதில் இவருடைய தகுதிக் குறைவு எங்கே இருக்கிறது? இதை அவரிடம் அன்று சத்தமாகவே சொன்னேன்.

டீச்சர் ஆசை

சரி, டீச்சர் ஆசை? அதையும் தள்ளிவிட முடியாது. பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்த டீச்சரால்தான் எம்.காம் வரை படித்தேன் என்பார். ஆனால் ஆசையைத் தொட்டுப் பார்க்காமல் அதற்காக வேலையை விடக் கூடாது.

விசாரித்துவிட்டு வந்தார். பி.எட் 2015லிருந்து இரண்டு வருடப் படிப்பு. அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் பணி என்றால் டிஆர்பி தேர்வு, எப்போது அறிவிப்பு வரும் என்பது யார் கையிலும் இல்லை. இரண்டு தனியார் பள்ளிகளில் நேரில் போய்க் கேட்டார். ஒன்றில் பி.எட் இருந்தால் 18 ஆயிரம் என்றார்கள். அடுத்ததில் இன்னும் குறைவு.

பிறகு உறவினர் ஒருவரின் டியூஷன் சென்டரில் எட்டு ஞாயிறு பிளஸ் டூ பெண்களுக்கு வணிகவியல், கணக்குப்பதிவியல் எடுத்தார். அதற்கும் நோட்டில் வரி எழுதச் சொன்னேன். முதல் இரண்டு வாரம் கூட்டல். மூன்றாவது வாரத்திலிருந்து குறியே இல்லை. ஏழாவது வாரம் ஒரு கழித்தல். "ஃபைவ் மார்க் கேள்விக்கு எத்தனை பாயிண்ட் எழுதணும்னுதான் கேக்குறாங்க சார். அவங்க மேல தப்பில்ல, பரீட்சை அப்படி. ஆனா அந்தப் பாட்டிக்கு விளக்கும்போது இருந்தது இதுல இல்ல."

நாளைக்கே உபயோகப்படுத்தப் போகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் தேடியது. இதைக் கண்டுபிடிக்க எட்டு ஞாயிறு ஆனது. ராஜினாமா கொடுத்து பி.எட் சேர்ந்திருந்தால் இரண்டு வருடமும் சம்பளமும் ஆகியிருக்கும்.

கணக்கு

ஐப்பசியில் ஒரு நாள் அவர் வீட்டுச் சமையலறையில் நால்வரும் உட்கார்ந்தோம்: அவர், கணவர், மாமியார், நான். வேலையை விட்டால் என்ன ஆகும் என்று ஒரே தாளில் எழுதினோம்.

அவர் கைக்கு வருவது 68 ஆயிரம், கணவருக்கு 38 ஆயிரம். மாதச் செலவு 54 ஆயிரம், அதில் வீட்டுக்கடன் தவணை 19 ஆயிரம். அது ஸ்டாஃப் லோன், சலுகை வட்டி. வேலையை விட்ட நாளிலிருந்து அது வெளியாள் வட்டிக்கு மாறும். பாக்கி 25 லட்சம், மிச்சம் 15 வருடம். 9 சதவீதம் என்று போட்டால் தவணை 25 ஆயிரத்தைத் தாண்டும். இதை அவர் யோசித்தே இருக்கவில்லை. நூறு பேருக்கு வீட்டுக்கடன் போட்டுக் கொடுத்தவர், தன் கடனை யோசிக்கவில்லை. மனம் ஓய்ந்தால் அப்படித்தான் ஆகும்.

குடும்பத்துக்கே இருந்த குழு மருத்துவக் காப்பீடு போய்விடும். பத்து வருடம் முடிந்ததால் கிராஜுவிட்டி உண்டு, 4 லட்சத்துக்கு மேல். 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் பழைய பென்ஷன் கிடையாது, என்பிஎஸ் என்ற புதிய பென்ஷன் திட்டம்தான். அந்தக் கணக்கு எண் கூடவே வரும், தொடர்ந்து கட்டலாம். ஆனால் 60 வயதுக்கு முன் மூடினால், அப்போதைய விதிப்படி, சேர்ந்ததில் 80 சதவீதத்துக்கு ஓய்வூதியத் திட்டம் வாங்க வேண்டும், கைக்கு 20 சதவீதம்தான். அப்புறம் ஒன்று: அவர் சாங்ஷன் செய்த கடன் எதிலாவது விசாரணை நிலுவையில் இருந்தால் ராஜினாமாவை ஏற்காமல் நிறுத்திவைப்பார்கள். அவருக்கு அப்படி எதுவும் இல்லை. இருக்கிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

தாள் நிறைந்தது. மாமியார்தான் முதலில் பேசினார். அவர் எதிர்ப்பார் என்று நினைத்திருந்தோம். "தவணை கூடுனா கூடட்டும் தம்பி. இவ ராத்திரி சாப்பிடையில சிரிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. புள்ள அம்மா ஏன் பேச மாட்டேங்குறான்னு என்கிட்ட கேக்குது" என்றார். மருமகள் எழுந்து அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

எதிர்ப்பு வந்தது அவருடைய அப்பாவிடமிருந்துதான். பேங்க் ஆபீசர் மகள் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னவர். கோபப்பட்டுப் பேசவில்லை, மூன்று வாரம் போனையே எடுக்கவில்லை. அது இவருக்கு வீடியோ மீட்டிங்கைவிட அதிகமாக வலித்தது.

இருக்கும் இடத்தில் கொஞ்சம் மாற்றம்

முதலில் கிளை மேலாளரிடம் பேசச் சொன்னேன். புகாராக வேண்டாம், ஒரு பண்டமாற்றாகப் பேசுங்கள் என்றேன். அந்த மேலாளருக்கு வராக்கடன் வசூலுக்குக் கிராமம் கிராமமாகப் போவது பிடிக்காது. இவருக்கு அது கஷ்டமில்லை, வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுவதுதானே. "ரெகவரி விசிட் எல்லாம் நான் எடுத்துக்கறேன் சார். மகளிர் குழு ஃபைலும் முழுசா எனக்கே கொடுத்துடுங்க. ஆனா லோன் டேபிள்ல பாலிசி பேச மாட்டேன். கவுண்டருக்குத் தானா வந்து கேக்கிறவங்களுக்குச் சொல்றேன். விசிக்கு ஒரு நாள் நான், ஒரு நாள் நீங்க."

மேலாளர் இரண்டு நாள் யோசித்து ஒத்துக்கொண்டார். அவரும் அதே பட்டியலுக்குப் பயந்துகொண்டிருந்த மனிதர்தான். ஏமி ரெஸ்னீவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் இதைப் பற்றி எழுதினார்கள்: கொடுத்த வேலையை அப்படியே செய்யாமல், அதன் பங்குகளையும் யாரோடு பழகுகிறோம் என்பதையும் ஊழியரே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்வது. நம் கிளைகளில் விவரமான சப்-ஸ்டாஃப் எல்லாரும் இதைக் காலம் காலமாகச் செய்துவருகிறார்கள். அலுவலர்கள்தான் சர்க்குலரில் எழுதியதைத் தவிர வேறு வழி இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

கார்த்திகையில் மறுபடி ஒரு வாரம் நோட்டு எழுதினார். ஒரு வாரத்தில் கழித்தல் ஆறு மணி நேரம். இரட்டைக் கழித்தல் ஒன்றும் இல்லை. தொண்ணூறு நாள் எப்போது முடிந்தது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

வளையம் எறிதல்

கர்நாடகத்தில் தட்சிண கன்னட மாவட்டத்து உஜிரேயில் 1982இல் தர்மஸ்தலா கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து கிராமத்து இளைஞர்களுக்குச் சுயதொழில் பயிற்சி மையம் ஒன்றை ஆரம்பித்தன. அந்த மாதிரியை வைத்து மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாவட்டந்தோறும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களைக் கொண்டுவந்தது. ஆர்செட்டி என்று சொல்கிறோம். நடத்துவது வங்கி. இயக்குநராக உட்காருவது வங்கி அலுவலர். தையல், ஆடு வளர்ப்பு, செல்போன் ரிப்பேர், வீட்டு வயரிங், அழகுக்கலை; தங்கும் இடமும் சாப்பாடும் இலவசம்; பயிற்சி முடிந்து இரண்டு வருடம் வரை பின்தொடர்வார்கள். இவர் வங்கியும் இப்படி ஒன்றை நடத்துகிறது. பத்து வருடத்தில் இவர் அங்கே போனது இரண்டு முறை, இரண்டும் சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு.

வங்கிக் கடன் பற்றி வகுப்பெடுக்க வெளியிலிருந்து அலுவலர்களைக் கூப்பிடுவார்கள். போய்வாருங்கள் என்றேன். ஆடு வளர்ப்பு பேட்ச், 35 பேர். இவர் வகுப்பு பதினொன்றரைக்கு. சீக்கிரம் போய்விட்டதால் பின்வரிசையில் உட்கார்ந்து முந்தைய வகுப்பைப் பார்த்தார்.

தரையில் ஒரு குச்சி நட்டிருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் சாக்பீஸ் கோடு, பத்து கோடு. பக்கத்துக் கோட்டிலிருந்து வளையத்தைப் போட்டால் கொஞ்ச மார்க், தூரத்திலிருந்து போட்டால் நிறைய. எங்கே நிற்பது என்பது எறிகிறவர் இஷ்டம். ஒரு வாலிபன் நேராகப் பத்தாவது கோட்டுக்குப் போனான், ஐந்து வளையமும் சுவரில் பட்டன. ஒரு அம்மா முதல் கோட்டிலேயே நின்று ஐந்தையும் போட்டார், கைதட்டலும் வாங்கினார், மார்க் குறைவு. இன்னொரு பெண் மூன்றாவது கோட்டில் ஆரம்பித்து, விழ விழ ஒரு கோடு பின்னால் போனாள். தவறினதும் அரைக் கோடு முன்னால் வந்தாள்.

டேவிட் மெக்லெலண்ட் என்ற உளவியலாளர் 1960களில் ஆந்திராவின் காக்கிநாடா ஊர்ச் சிறு வியாபாரிகளுக்குக் கொடுத்த பயிற்சியிலிருந்து வளர்ந்துவந்த முறை இது. மையத்தில் பயிற்சி கொடுப்பவர்கள் அதை ஒரு விளையாட்டாகத்தான் நடத்தினார்கள். இவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து எனக்குப் போன் செய்து, "சார், நான் நேரா பத்தாவது கோட்டுக்குப் போயிருந்தேன்" என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

2024 தை மாதம் அந்த இயக்குநர் பணிக்கு விருப்பம் தெரிவித்து மனு கொடுத்தார். கிளையில் ஆள் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு லெட்டர் ஞாபகம் வந்தது என்று பின்னால் சொன்னார். ஆனால் இந்தமுறை மறுநாள் காலையில் எழுந்து ஆபீஸ் போக முடிந்தது. கெஸ்ட் வகுப்புகளை விடவில்லை, மாதம் இரண்டு. அடுத்த மனு ஆறு மாதம் கழித்து. அது நடந்தது, வேறொரு மாவட்டத்தில்.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் எழுத வேண்டும். வீடு மாற்ற வேண்டியிருந்தது. கணவர் வாரத்துக்கு நான்கு நாள்தான் வீட்டில். கிளைப் பொறுப்பில் இல்லாத வருடங்கள் அடுத்த பதவி உயர்வில் பின்னுக்கு இழுக்கலாம், அது தெரிந்தே போனார். அங்கேயும் இலக்கு உண்டு: பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேர் தொழிலில் அமர்ந்திருக்க வேண்டும். அதற்கும் ரிப்போர்ட், அதற்கும் மீட்டிங். மூன்று வருடம் கழித்துத் திரும்பக் கிளைக்கே அனுப்புவார்கள். அப்போது என்ன செய்வது என்று இன்னும் நாங்கள் பேசவில்லை.

நோட்டில் வேறு மாதிரி வந்திருந்தால் நானும் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இவருக்கு முன் ஒருவர் இதே நோட்டை எழுதினார், தலைமை அலுவலகத்தில் நல்ல பதவி, ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்குப் போகலாம். மூன்று வாரத்தில் ஒரே ஒரு கூட்டல்கூட இல்லை. அவருக்கு ராஜினாமா லெட்டரில் இரண்டு வரி திருத்திக் கொடுத்தது நான்தான். இன்று மரக்கன்று நர்சரி வைத்திருக்கிறார், நன்றாக இருக்கிறார்.

2025 பங்குனியில் இவருடைய மையத்துக்குப் போயிருந்தேன். வாசலில் தையல் மெஷின் சத்தம். அலுவலக அறையில் அவர் அப்பா உட்கார்ந்து, பேத்தியின் ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். மாதத்தில் முதல் வாரம் இன்னமும் நோட்டு எழுதுகிறாராம், இது மூன்றாவது நோட்டு. கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் முந்தைய நாள்:

"4.15 – போன மாச செல்போன் பேட்ச் பொண்ணு வந்தா. டிஸ்பிளே மாத்திக் கொடுத்து முதல் 250 ரூபாய் வாங்கிட்டாளாம். நோட்டைக் காட்டினா. +"

"5.40 – பஸ்."

அதற்குப் பக்கத்தில் குறி ஒன்றும் இல்லை.